தொடாக் காஞ்சி

போரிலே விழுப்புண் பட்டு வீட்டில் கிடக்கும் வீரனைச் சுற்றி, மனையில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகையிட்டு, குழலும் மணியும் ஒலிக்க, அவன் புண்ணைப் பேய் வந்து தீண்டாதபடி மகளிர் காவலிருந்த வழக்கத்தைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் பாடியிருக்கிறார். அந்தத் துறைக்கு இலக்கண நூலார் தொடாக் காஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அதே தொகையின் 353ஆம் பாட்டிலோ, புண்மேல் வைத்த பஞ்சு இன்னும் எடுக்கப்படாத வீரர்கள் வருகிறார்கள். நம் முன்னோர் புண்ணைப் பஞ்சினால் மூடினார்கள் என்பதும், மூடிய புண்ணை வேறெதுவும் தீண்டலாகாது என்று கருதினார்கள் என்பதும் இவ்விரு பாட்டுக்களாலும் விளங்குகின்றன. ஆனால், மூடிய பஞ்சுக்கு அடியிலே புண் ஆறுகிறதா, அன்றி அழுகுகிறதா என்பதை அறிய வேண்டுமானால், பஞ்சை எடுத்துப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு உபாயம் இருந்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் உலகத்தின் எந்த மூலையிலிருந்த வைத்தியனும் அந்தக் காவல் மகளிரைக் காட்டிலும் வெகுதூரம் முன்னே சென்றுவிடவில்லை. கட்டை அவிழ்க்காமலே புண்ணின் நிலையை அறிய இப்போது எடுக்கப்பட்டுவரும் முயற்சிகளைப் பற்றியதே இந்த அத்தியாயம். அதைப் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு.

ஏகாம்பரநாதர் கோயிலையும் காமாட்சியம்மன் கோயிலையும் தரிசித்துவிட்டுப் பட்டுக் கடைகளின் வழியே திரும்பிவிடுகிற யாத்திரிகர்கள் பெரும்பாலும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களுக்குள் நுழைவதில்லை. நுழைந்தால், தரையிலே வெட்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து, இரு கால்களையும் குழிக்குள் தொங்கவிட்டுத் தறி நெய்பவர்களை இன்றைக்கும் காணலாம். கால் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க, விழுதுகள் ஏறியிறங்கிப் பாவு இரண்டாகப் பிரிய, அந்தப் பிளவின் வழியே நாடா ஓடி ஊடையை இட, அச்சு அதை இறுக்குகிறது. கோர்வைச் சேலையானால், உடலுக்கு ஒரு நாடாவும் இருபுறக் கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று ஓட வேண்டும். பக்கத்திலே துணையாள் ஒருவரும் வேண்டும். சேலையைப் பார்க்கிறவர்கள் கையின் திறமையைப் போற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் குழிக்குள்ளே நாள் முழுதும் உழைப்பது கால்தான். மண்ணின் ஈரமும் மரத்தின் உராய்வும் ஓயாத அழுத்தமும் சேர்ந்து பாதத்தில் ஒரு கொப்புளம் எழுப்பினால், ஆரோக்கியமான சரீரத்தில் அது பத்து நாளில் ஆறிப்போகும். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு அப்படி ஆறுவதில்லை.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபெடிஸ் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இந்த நோய் பல ஆண்டுகள் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன, இரத்த ஓட்டம் குன்றுகிறது, கிருமிகளை எதிர்க்கும் சக்தி தளர்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது, சிறு கொப்புளம் ஆறாத ரணமாகி, ரணம் எலும்பு வரை சென்று, கடைசியில் விரலையோ பாதத்தையோ எடுக்க நேரிடுகிறது. தறிக்குழியில் வேலை செய்கிற மனிதருக்குப் பாதத்தை இழப்பது தொழிலையே இழப்பதாகும்.

காஞ்சிபுரத்து மருத்துவமனை ஒன்றில் கட்டு மாற்றும் காட்சியைக் கண்டபோது, பிரச்சினையின் முழு வடிவமும் எனக்குப் புலனாயிற்று. வயது அறுபதை நெருங்கிய நெசவாளி ஒருவர் பெஞ்சின்மீது காலை நீட்டியிருந்தார். உள்ளங்கால் ரணத்தின் மேலிருந்த மெல்லிய வலைத்துணி காய்ந்து, கசிவோடும் இரத்தத்தோடும் இறுகி, சதையோடு சதையாய் ஒட்டிப்போயிருந்தது. சிஸ்டர் உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்துக்கொண்டே, “கொஞ்சம் பொறுத்துக்குங்க ஐயா, ஒட்டிக்கிட்டிருக்கு” என்றார். “நீ இழும்மா, எனக்கு ஒண்ணும் வலிக்கல” என்று அவர் அமைதியாகச் சொன்னார். துணி உரிந்து வந்தபோது, அதன் அடிப்புறத்தில் இளஞ்சிவப்பாய், ஈரமாய், மணல்போல் பொடிப்பொடியாய்ப் புதுச்சதை சிறிது ஒட்டிக்கொண்டு வந்தது. ரணத்தின் விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் இரத்தம் துளிர்த்தது. புண் நன்றாகத்தான் இருந்தது. திறக்காமல் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதும், திறக்காமல் அதை அறிய அந்தச் சிஸ்டருக்கு வழியில்லை என்பதும் ஒருங்கே உண்மை. நெசவாளிக்கு வலியில்லை என்பதே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. கட்டுக்கு அடியில் நிலைமை கெட்டாலும் அதை அறிவிக்க வேண்டிய தூதன் அங்கே ஊமையாகிவிட்டான்.

புண் ஆறுவது ஒரு நீண்ட காரியக்கிரமம். முதலில் இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. பிறகு வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. அதன்மேல் புதிய நுண்குழாய்களும் கொலாஜன் என்னும் புரத இழைகளும் தோன்றிக் குழியை நிரப்புகின்றன. விளிம்புகளிலிருந்து மேல்தோல் அணுக்கள் ஊர்ந்து வந்து கூரை வேய்கின்றன. அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் வடு தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஊர்ந்து வரும் அந்த அணுக்களுக்கு ஈரமான தரை வேண்டும். காற்றில் உலர்ந்து பொருக்குக் கட்டினால்தான் புண் ஆறும் என்று நெடுங்காலம் உலகம் நம்பியிருந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் வின்டர் என்பவர் 1962இல் நேச்சர் பத்திரிகையில் வெளியிட்ட ஒரு சிறிய கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது. இளம் பன்றிகளின் தோலில் ஒரே அளவான மேற்புண்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தபோது, மூடிய புண்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்திருந்தது. பொருக்குக் கட்டிய புண்ணில் அணுக்கள் பொருக்கைச் சுற்றிக்கொண்டு ஆழத்திலே வழிதேட வேண்டியிருந்தது. ஈரத்தோடு வெப்பமும் வேண்டும். கட்டை அவிழ்த்து, குளிர்ந்த நீரால் கழுவி, காற்றாட வைத்திருக்கும் நேரத்தில் புண்ணின் உஷ்ணம் தணிந்து, அணுப்பிரிவு மந்தப்படுகிறது. மறுபடி மூடிய பின்பும் பழைய வேகத்தைப் பெற வெகுநேரம் ஆகிறது. அடிக்கடி கட்டு மாற்றும் புண், அவ்வளவுக்கவ்வளவு தன் வேலையை நிறுத்தி நிறுத்தித் தொடங்க வேண்டியதாகிறது.

ஆகையால் மூடியே வைத்திருப்பது நல்லது. ஆனால் மூடியிருக்கும்போது கெட்டுப்போனால்? சுசுருதர் தம் சம்ஹிதையிலே பதினான்கு விதமான கட்டுக்களை வகுத்தவர். ரணத்தைச் சோதிக்க அதன் வடிவம், நிறம், நாற்றம், ஒழுக்கு, வேதனை ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னவர். இவற்றில் நாற்றமும் வேதனையும் மாத்திரமே கட்டைத் தாண்டி வெளியே வருவன. ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தின்போது பார்சிலோனாவில் ஹோசெப் துருவேத்தா என்னும் அறுவை வைத்தியர், குண்டடிபட்ட கைகால்களிலுள்ள செத்த சதையை நன்றாக வெட்டி நீக்கிவிட்டு, சாந்துக்கட்டுப் போட்டு மூடி, வாரக்கணக்கில் திறவாமலே வைத்திருந்தார். கட்டிலிருந்து எழுந்த துர்நாற்றம் வார்டையே நிறைத்தது. மற்ற வைத்தியர்கள் பதறினார்கள். ஆயினும் அவர் சிகிச்சை செய்த 1,073 பேரில் 6 பேரே இறந்ததாக அவர் எழுதிய விவரம் யுத்தகால வைத்தியத்தையே மாற்றியது. நாற்றம் எப்போதும் நாசத்தின் அடையாளமன்று என்று அவருடைய அனுபவம் காட்டிற்று. அந்த மன உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் உள்ளே பார்க்க வழியில்லாமையால்தான் அந்த உறுதி தேவைப்பட்டது என்பதையும் மறப்பதற்கில்லை.

நம்முடைய பக்கத்திலேயே இதைவிட நெருக்கமான சரித்திரம் ஒன்று இருக்கிறது. தொழுநோயாளிகளின் உள்ளங்கால் ரணங்களுக்குச் சாந்துக்கட்டுப் போட்டு, அவர்களை நடமாடவிட்டே ஆற்றும் முறையை 1930களில் கொழும்பில் மில்ராய் பால் என்னும் அறுவை வைத்தியர் கையாண்டார். இந்தியாவில் ஜோசப் கான் 1939இல் அதைப் பற்றி எழுதினார். 1914இல் கொல்லிமலையில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர்ந்த பால் பிராண்ட் அந்த முறையை மேற்கொண்டு, வேலூரிலும் கரிகிரியிலும் அதன் தத்துவத்தை விளக்கினார். தொழுநோயாளியின் சதை தானாக அழுகுவதில்லை. வலியறியாத காலை அவர் மேலும் மேலும் ஊன்றி நடப்பதாலேயே புண் ஆறாமல் போகிறது என்பது பிராண்ட் கண்ட உண்மை. பாதத்தின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் தொட்டுக்கொண்டு படியும் சாந்துக்கட்டு, உடலின் பளுவைப் பாதம் முழுவதிலும் பரப்பிவிடுகிறது. நோயாளியோ உறவினரோ நடுவிலே அவிழ்த்துப் பார்க்கவும் இயலாது. சில வாரங்கள் கழித்து அதை உடைத்து எடுக்கும்போது, பல ஆண்டுகளாக ஆறாத ரணம் சுருங்கியோ மறைந்தோ இருக்கும். பின்னர் சர்க்கரை வியாதிக்காரர்களின் பாத ரணத்துக்கு உலகெங்கும் தலைசிறந்த சிகிச்சையாக ஒப்புக்கொள்ளப்பட்டது இதே முறைதான். கொழும்பிலும் வேலூரிலும் ஏழை நோயாளிகளுக்காகச் செய்யப்பட்ட வேலை செல்வ நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வரலாறு இன்னும் விரிவாக நம் பள்ளிக்கூடங்களில் சொல்லப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிராண்ட் கட்டுக்குள்ளே பார்க்கவில்லை. ஆனால் வெளியேயிருந்து அறியக்கூடிய ஒரு குறியை அவர் பெரிதும் மதித்தார். அதுதான் உஷ்ணம். நரம்பு மரத்த பாதத்தில் வலி இல்லாவிட்டாலும், திசு நசுங்கிய இடத்துக்கு இரத்தம் பாய்ந்து அந்த இடம் சுடுகிறது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிறகு, வெப்பத்தைப் படமெடுக்கும் கருவிகளைக் கொண்டு, புண் வெடிப்பதற்கு முன்பே அந்தச் சூடான இடங்களை அவர் காட்டினார். இரு பாதங்களிலும் ஒரே இடத்தின் உஷ்ணத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்டால் நடையைக் குறைத்து வைத்தியரை நாட வேண்டும் என்னும் விதி பிற்காலத்து ஆராய்ச்சிகளால் நிலைபெற்றது. வீட்டிலேயே, ஒரு சிறிய வெப்பமானியால், தினமும் இதைச் செய்துவந்தவர்களுக்குப் புதிய ரணங்கள் குறைந்தன என்பது சோதனைகளில் தெளிவாயிற்று. இவ்வளவு எளிய விதி இவ்வளவு பயன் தருவது வைத்திய சாஸ்திரத்தில் அபூர்வம்.

ஆனால் கட்டுப் போட்ட காலுக்கு இந்த விதி உதவாது. நம்முடைய சரீரம் வெளியிடும் வெப்பக் கதிர் அகச்சிவப்பு இனத்தது. அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய அலைகளைப் பஞ்சும் துணியும் நிறுத்திவிடுகின்றன. வெப்பக் காமிராவைக் கட்டின்மேல் பிடித்தால் கட்டின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பது தெரியும், அடியிலுள்ளது தெரியாது. இதற்குப் பரிகாரமாக விஞ்ஞானிகள் கையிலெடுத்தது, அகச்சிவப்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நீண்ட மில்லிமீட்டர் அலைகளை. அந்த அலைகளை உலகில் முதன்முதலாக உண்டாக்கி ஆராய்ந்தவர்களில் தலையானவர் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, தூரத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டினார். சுவர் தடுக்காத அலையைப் பஞ்சுக்கட்டு தடுக்குமா?

மான்செஸ்டர் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தினர் சில ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை இந்தக் கேள்வியை ஒட்டியதே. அவர்களுடைய முறையின் அழகு, நோயாளியின்மேல் எந்தக் கதிரையும் செலுத்தாமலே பார்க்கவும் முடியும் என்பதில் இருக்கிறது. உஷ்ணமுள்ள எந்தப் பொருளும், மிகச் சொற்பமாக ஆனாலும், மில்லிமீட்டர் அலைகளையும் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு வெளியிடுகிறது என்பது அதன் வெப்பத்தை மாத்திரம் பொறுத்ததன்று. அதிலுள்ள நீரையும் பொறுத்தது. நீர் நிறைந்த திசு வெளியிலிருந்து வரும் அலையை அதிகமாகத் திருப்பியனுப்பும். தானாக வெளியிடுவது குறையும். உலர்ந்த தோல் அதற்கு நேர்மாறானது. தீப்புண் பட்ட தோலுக்கும் நல்ல தோலுக்கும், கசியும் ரணத்துக்கும் மூடிவரும் ரணத்துக்கும் நீரின் அளவிலும் அமைப்பிலும் வேற்றுமை இருப்பதால், கருவி பெறும் சமிக்ஞையிலும் வேற்றுமை தோன்றுகிறது. பன்றித்தோலில் உண்டாக்கிய தீப்புண்களை இவ்வாறு அளந்து, இடையிலே கட்டுத்துணிகளை வைத்தும் வேற்றுமையைக் கண்டறிய முடிகிறது என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். விமான நிலையங்களில் பயணிகளை நிறுத்திவைத்துச் சோதிக்கும் கண்ணாடிக் கூண்டுகளிலும் இதே இனத்து அலைகளே வேலை செய்கின்றன.

இந்த அலைகளின் இயல்பைக் காஞ்சிபுரத்து வாசகர் ஒருவருக்கு விளக்க வேண்டுமானால், ஒரு பட்டுச் சேலையை விரித்துக் காட்டினால் போதும். கருவியின் முன்னே அதைப் பிடித்தால், பட்டு நூலால் மட்டும் நெய்த உடல்பகுதியை அலைகள் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் கடந்துவிடும். வெள்ளியும் பொன்னும் சுற்றிய ஜரிகைக் கரையிலோ, உலோகத்தில் பட்ட வெளிச்சம்போல் எதிரொலித்துத் திரும்பிவிடும். கட்டுக்களும் இந்த இருவகைப்பட்டவையே. சாதாரண வலைத்துணியும் உலர்ந்த பஞ்சும் பட்டைப் போன்றவை. கிருமிநாசினியாக வெள்ளி சேர்த்த கட்டுக்கள், எவ்வளவு வெள்ளி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஜரிகையின் குணத்தைக் காட்டக்கூடும். கசிவிலே முழுக்க நனைந்துபோன கட்டு தானே நீர்ப்படலமாகி, அடியிலுள்ள நீரின் செய்தியை மறைத்துவிடும். தவிர, இந்த அலைகள் தோலுக்குள் ஒரு மில்லிமீட்டரின் ஒரு பகுதிக்கு மேல் செல்வதில்லை. ஆழத்திலே எலும்பை நெருங்கிக்கொண்டிருக்கும் சீழை அவை காணமாட்டா. மேல்தோலைப் பற்றிய தீப்புண்ணுக்கு இந்த முறை சிறந்த தூதன். உள்ளங்கால் ரணத்துக்கு அது மாத்திரம் போதாது என்றே தோன்றுகிறது.

வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பதிலாகக் கட்டுக்குள்ளேயே ஓர் உளவாளியை வைத்துவிடுவது இன்னொரு வழி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கானலியும் அவருடைய குழுவினரும், வெள்ளிக் குளோரைடு பூசிய மெல்லிய மின்வாய்களைப் புண்ணின்மேல் வைத்து, அதன் வாலை மட்டும் கட்டுக்கு வெளியே விட்டு, ஒரு சிறு மானியைத் தொட்டால் உள்ளே ஈரம் எவ்வளவு என்று காட்டும்படி செய்தார்கள். ஈரம் மிகுந்தால் மின்சாரம் சுலபமாகப் பாயும், உலர்ந்தால் தடைபடும், தத்துவம் அவ்வளவுதான். இக்கருவியைக் கொண்டு நோயாளிகளைக் கவனித்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது: மாற்றப்பட்ட கட்டுக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை, உள்ளே ஈரம் இருக்க வேண்டிய அளவில் செம்மையாக இருந்தபோதே மாற்றப்பட்டவை. ஈரத்தைப் பொறுத்தவரை, அவிழ்த்திருக்கவே வேண்டாதவை அவை. நான் கண்ட நெசவாளியின் கட்டு அந்த இனத்தைச் சேர்ந்ததாகவே இருந்திருக்கலாம்.

மின்சாரம் ஈரத்தை மாத்திரமன்றி உயிரையும் அளக்கும். நலமுள்ள ஜீவ அணுவின் சவ்வு மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும். நசுங்கிச் செத்த அணுவின் சவ்வு அதை ஒழுகவிடும். கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் மிஷெல் மகர்பிஸ், விவேக் சுப்ரமணியன் ஆகியோரின் குழு 2015இல், நெகிழும் படலமொன்றின்மேல் பல மின்வாய்களை அச்சிட்டு, எலிகளின் தோலை இரு காந்தங்களுக்கிடையே நசுக்கி, கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையிலேயே படுக்கைப்புண்ணின் தொடக்கத்தைக் கண்டுகாட்டியது. ஸ்டான்போர்டில் ஜெனான் பாவோவும் ஜெஃப்ரி கர்ட்னரும் 2022இல் வெளியிட்ட கட்டு, மின்தடையையும் வெப்பத்தையும் அளப்பதோடு, தேவையானபோது மெல்லிய மின்தூண்டலையும் தந்து, எலிகளின் புண்ணை விரைந்து ஆறச் செய்தது. இவையெல்லாம் போற்றத்தக்கவை, ஆயினும் எலியின் தோல் பெரும்பாலும் சுருங்கி மூடிக்கொள்வது, மனிதனுடையது பெரும்பாலும் புதுச்சதையால் நிரம்பி மூடுவது என்ற வித்தியாசத்தை நினைவில் வைத்தே இந்த முடிவுகளைப் படிக்க வேண்டும்.

இனி வேதியியலுக்கு வருவோம்; என் மனம் அதிகம் ஈடுபடுவது இங்கேதான். நலமுள்ள தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்பானது, அதாவது அமிலத்தன்மையுள்ளது. நாட்பட்ட, கிருமி பிடித்த ரணம் காரத்தன்மையை அடைகிறது. மூனிச் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சிக்கூடத்தினர் 2010இல் ஒரு கட்டை அறிவித்தார்கள்: அடியிலே காரம் ஏறினால் அதன் மஞ்சள் நிறம் ஊதாவாக மாறும், கட்டைப் பிரிக்காமலே வெளியிலிருந்து அது தெரியும். கல்யாண வீட்டு வாசலில் மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கிற ஒவ்வொரு தமிழ்ப் பெண்மணியும் இதற்கு நிகரான இரசாயனத்தைக் கையாள்கிறார். தண்ணீரில் கரைத்த மஞ்சளோடு சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் தட்டு முழுதும் செக்கச்செவேலென்று ஆகிவிடுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள், அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருந்து, காரத்திலே சிவக்கிறது. அது நிறம் மாறும் எல்லை, ரணம் கெடுகையில் ஏறும் கார நிலைக்கு மிகவும் அண்மையிலே அமைந்திருப்பது ஒரு நல்ல வாய்ப்பு. ஆகவே குர்குமினை நுண்ணிய இழைகளில் ஏற்றி, ரணத்தின் நிலையை நிறத்தால் சொல்லும் கட்டுக்களைச் செய்யும் முயற்சி பல ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகிறது. காரத்தில் குர்குமின் வெகுநேரம் நிலைக்காமல் சிதைகிறது, வெளிச்சத்திலும் வெளுக்கிறது. இந்த இரண்டு குறைகளையும் தீர்க்காமல் அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது. ஆனாலும் பாட்டியின் கைமருந்துப் பொருள் ஒன்று, புண்ணின் மருந்தாக மாத்திரமன்றிப் புண்ணின் மொழியாகவும் ஆகக்கூடும் என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது.

நிறத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கட்டுவதில் பிழை நேரலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினரும் அந்நாட்டு அரசின் ஆராய்ச்சிக் கழகத்தினரும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட பெட்டல் என்னும் காகிதக் கட்டு, மலரிதழ்களைப் போன்ற ஐந்து அறைகளையுடையது. வெப்பம், ஈரம், அமில கார நிலை, யூரிக் அமிலம், டிரைமெத்திலமீன் ஆகிய ஐந்தையும் ஐந்து இதழ்களின் நிறமாற்றத்தால் அது காட்டுகிறது. மேலே ஒளி ஊடுருவும் சிலிக்கோன் படலம் இருப்பதால், கட்டைப் பிரிக்காமலே கைபேசியால் படமெடுத்து, கணிப்பொறியின் துணையால் ஆறும் ரணமா, ஆறா ரணமா என்று பிரித்தறியலாம். பதினைந்து நிமிஷத்தில் விடை கிடைக்கிறது, மின்கலமும் தேவையில்லை. அதே பல்கலைக்கழகத்தில் லிம் சுவீ டெக் குழுவினர் 2021இல் செய்த கட்டு, அழற்சியை உண்டாக்கும் புரதங்களையே நேரடியாக அளந்தது. நோயாளிகளின் காலிலுள்ள நாள ரணங்களில் அது சோதிக்கப்பட்டது.

சென்னையிலும் இத்துறையில் கவனிக்கத்தக்க வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த அடியுவோ டயக்னாஸ்டிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்த கீதாஞ்சலி ராதாகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும், இல்யூமினேட் என்ற கைக்கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். பல நிற ஒளிகளைப் புண்ணின்மேல் பாய்ச்சினால், கிருமிகளிலுள்ள சில பொருள்கள் தாமாகவே வேறு நிறத்தில் ஒளிர்கின்றன. அந்த ஒளிர்வைப் படித்து, எவ்வகைக் கிருமி எங்கே இருக்கிறது என்று சில நிமிஷங்களில் கருவி சொல்கிறது. சீழைத் துடைத்தெடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்து விடை பெற இரண்டு மூன்று நாள் காத்திருக்கும் நிலைமைக்கு இது பெரிய நிவாரணம். புண்ணைத் தொடுவதில்லை; ஆனால் கட்டைத் திறந்தாக வேண்டும். ஆகவே, எப்போது திறப்பது என்பதைக் கட்டே சொல்லவும், திறந்தபின் என்ன செய்வது என்பதை ஒளி சொல்லவும், இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் என்று கொள்ளலாம். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கொலாஜனிலிருந்து புண்ணை மூடும் மெல்லிய தகடுகளைச் செய்திருக்கிறது. புண்ணோடு புண்ணாய்க் கரைந்துபோவதால் அவற்றை உரித்தெடுக்கும் தொல்லையே இல்லை. அப்படிப்பட்ட தகட்டின் மேலேயே நிறம் மாறும் இழையைச் சேர்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்குழிக்கு இவற்றுள் எது முதலில் வந்து சேரும்? மில்லிமீட்டர் அலைக் கருவி தீப்புண் சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் தங்கிவிடும் என்பதே என் எண்ணம். கைபேசி இல்லாத வீடு பிள்ளையார்பாளையத்தில் இன்று அருமை. ஆகவே, நிறம் மாறும் கட்டும், அதைப் படமெடுத்துச் சிஸ்டருக்கு அனுப்பும் பேத்தியும்தான் முதலில் வரப்போகிறவர்கள். நோயாளி நாள்கூலியை விட்டுப் பேருந்தேறி வந்து வரிசையில் நிற்பது, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைத் திறந்து காட்டுவதற்காக என்றால், அது அவருக்கு இரட்டை நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தவிர்க்கும் கட்டு சற்று விலை கூடினாலும் குடும்பத்துக்கு லாபமாகவே முடியும்.

ஆனால் கிளாஸ்கோவிலும் மூனிச்சிலும் சிங்கப்பூரின் குளிரூட்டிய அறைகளிலும் தேர்ந்த கருவி, காஞ்சிபுரத்துச் சித்திரை மாதத்தில் அதே விடையைத் தரும் என்று எடுத்துக்கொள்ளலாகாது. வியர்வை உப்பு நிறைந்தது. அது கட்டுக்குள் கசிந்தால் ஈரமானி புண்ணின் கசிவு என்று அதைக் கணக்கிடும், அமில நிலையும் மாறித் தோன்றும். காற்றே நாற்பது டிகிரியை எட்டும் நாளில், இரு பாதங்களின் உஷ்ண வித்தியாசத்தைக் காண்பதற்கு முன் அரைமணி நேரமாவது நிழலில் காலை ஆறவிட வேண்டும். நம்முடைய கருமையான தோலில் சிவப்பேறுவது வெளுத்த தோலில் தெரிவதுபோல் தெரியாது. மேல்நாட்டுப் படங்களைக் கொண்டு பழக்கிய கணிப்பொறி இங்கே தடுமாறக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிராண்ட் கண்ட உண்மை மாறவில்லை: ஊன்றுகிற கால் ஆறாது. கட்டு எவ்வளவு நுட்பமாகச் சேதி சொன்னாலும், மறுநாளே அந்தப் பாதம் மிதிகட்டையின்மேல் ஏறினால் சொன்ன சேதி வீண். ஆகையால் இவ்வூரில் இத்தகைய கட்டைச் சோதிக்க முன்வருகிறவர்கள், வெப்பத்தையும் ஈரத்தையும் காரத்தையும் அளக்கும் அதே கட்டில், தறி மிதிக்கும்போது அந்த ரணத்தின்மேல் விழும் பளுவையும் அளக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த அளவைக் கொண்டு, மிதிகட்டையின்மேல் எவ்விடத்தில் எவ்வளவு தடிமனான நுரை ரப்பர் பதிப்பது என்பதைத் தச்சரோடும் நெசவாளியோடும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.